ரெங்கராஜும் மூன்றாவது கட்டமும்

தாழைவயலில் ரெங்கராஜ் வாளியோடு பந்திக்குள் இறங்கினால், சாப்பிடுகிறவர்கள் இலையைப் பார்க்க மாட்டார்கள், அவரைத்தான் பார்ப்பார்கள். எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்று தெரிந்தால்தானே இலைக்கு மேல் கையைக் குடையாகப் பிடிக்கலாம். பிடித்தும் பயனில்லை. "போதுங்க, வேண்டாங்க" என்று ஒருவர் சொன்னால் அது ரெங்கராஜின் ஒரு காதில் விழுந்து மறு காது வழியாகக் கொல்லைப்பக்கம் போய்விடும். "ஒரு கரண்டி. ஒரே கரண்டி. எனக்காக" என்பார். கை கொஞ்சம் விலகும். விலகிய சந்தில் பாயசம் இறங்கிவிடும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இப்படி மூன்று கரண்டி குடித்துவிட்டு, தன்னைத் தானே திட்டிக்கொண்டு எழுந்து போனதைப் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வகுப்பில் எத்தனையோ பேரைப் பெஞ்சு மேல் ஏற்றியவர் அவர். அவருக்கே அந்த நிலைமை.

ரெங்கராஜுக்கு நாற்பத்தேழு வயது. எட்டு வருஷம் துபாயில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சோறு போட்டார். திரும்பி வந்து நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்கு விடும் கடை வைத்தார். அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகிற பஸ் தாழைவயலில் நின்றால் எதிரே தெரியும் நீல ஷட்டர் அவருடையது. விசேஷ வீட்டுக்காரர்கள் அண்டா குண்டானோடு அவரையும் சேர்த்தே கேட்பார்கள். அவரும் வாடகை வாங்காமல் கூடப் போவார்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. "மொதல் வேண்டாம் மரியாதைக்கு. ரெண்டாவது வேண்டாம் பிகுவுக்கு. மூணாவது தடவ கேட்டாத்தான் மனசுல உள்ளது வெளிய வரும்" என்பார். இதில் தப்பும் இல்லை. அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய், "காபியெல்லாம் வேண்டாங்க" என்று சொல்ல, அதை நிஜமென்று நம்பி அவர்களும் காபி கொடுக்காமல் விட்டுவிட்டால், அந்த வீட்டின் மானம் நாலு ஊருக்குப் பஸ் ஏறிப் போய்விடும். வேண்டாம் என்பது அங்கே ஒரு பதிலே கிடையாது. பேச்சைத் தொடங்குகிற விதம், அவ்வளவுதான்.

இந்தக் கொள்கையைக் கையில் பிடித்துக்கொண்டு மனிதர் ஒரு மருத்துவ ஆய்வுக்குள் போனார்.

போன வருஷம் ஆடி மாதம். வெளியூர்க் கல்லூரி ஒன்று, சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வைத்தியத்தை எங்கே, எப்படி வைத்தால் வருவார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்க உள்ளூர் முகம் வேண்டும். தாழைவயலையும் சுற்றியுள்ள மூன்று ஊர்களையும் சேர்த்து நூற்றிருபது வீடு. யாரைக் கேட்டாலும் ஒரே பெயரைச் சொன்னார்கள். "ரெங்கராஜ் போனா யாரும் முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க." அப்படிச் சொன்னவர்கள் பாராட்டாகத்தான் சொன்னார்கள். பாவம்.

புதுக்கோட்டையில் இரண்டு நாள் பயிற்சி. ஆய்வுக்குப் பொறுப்பான நித்யா மேடம் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் பெரிய ஆஸ்பத்திரிப் படம்: அறந்தாங்கிக்குப் போக வேண்டும், டாக்டரே பார்ப்பார், அரை நாள் காத்திருக்க வேண்டும். இரண்டாவதில் ஊருக்குள் வருகிற நர்ஸ் படம்: காத்திருக்க வேண்டாம், ஆனால் மாதம் ஒரு தடவைதான். மூன்றாவது கட்டத்தில் படம் இல்லை. "இரண்டும் வேண்டாம்" என்று மட்டும் எழுதியிருந்தது. இப்படி ஆறு அட்டை, ஒவ்வொன்றிலும் சங்கதி கொஞ்சம் கொஞ்சம் மாறும். வியாதிக்காரர் ஒன்றைத் தொட வேண்டும். தொட்டதை டேப்லெட்டில் பதிய வேண்டும்.

"மூணு கட்டத்தையும் ஒரே குரல்ல படிங்க" என்றார் நித்யா மேடம். "மூணாவதத் தொட்டா அதுவும் முழுப் பதில்தான். நிஜத்துலயும் அப்படித்தானே? ஆஸ்பத்திரிய நாம என்னதான் அழகா கட்டி வெச்சாலும், வராம இருக்கிறவங்க வராமத்தான் இருப்பாங்க. அவங்க எத்தன பேருன்னு தெரியலன்னா இந்த ஆய்வே வீண்."

அடுத்து ஒன்று சொன்னார். ஆறு அட்டையிலும் மூன்றாவதையே தொட்டவர்கள் வீட்டுக்கு, இரண்டு வாரத்துக்குள் ஒரு நர்ஸ் போவார். கட்டாயப்படுத்த அல்ல. ஏன் வேண்டாம் என்று கேட்டு, முடிந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவதற்கு.

ரெங்கராஜும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் மனசில் அது வேறு மாதிரிப் பதிந்துவிட்டது. வாத்தியார் இல்லாத நேரத்தில் பேசினவன் பெயரை லீடர் கரும்பலகையில் எழுதி வைப்பானே, அப்படி ஏதோ ஒரு பட்டியல் போல் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்கிறவன் பெயர் அதில் ஏறும், பிறகு விசாரிக்க ஆள் வரும் என்று எடுத்துக்கொண்டார். நம் ஊர்க்காரன் ஒருத்தன் பெயரும் அதில் ஏறக் கூடாது என்று அங்கேயே தீர்மானம் செய்துவிட்டார். இத்தனைக்கும் அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது. கெட்டவர் சொன்னால் எவன் அட்டையைத் தொடப் போகிறான்.

பதினோரு நாளில் நூற்றிருபது வீட்டையும் முடித்தார். மற்றவர்கள் பாதிகூடத் தாண்டவில்லை.

தையல் மிஷின் வைத்திருக்கும் செவந்தி வீட்டில் நடந்ததுதான் எல்லா வீட்டிலும் நடந்தது.

"எனக்கு ரெண்டும் வேண்டாண்ணே. மாத்திரய வாங்கிப் போட்டுக்கிட்டு நான் பாட்டுக்கு இருக்கேன்."

"அப்படிச் சொன்னா எப்படித்தா. சும்மா ஒண்ணத் தொடு."

"வேண்டாங்கிறேன்ல."

"நாளைக்கே உன்னய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டா போகப் போறேன்? படம்தானே. அண்ணனுக்காக."

செவந்தி சிரித்துக்கொண்டே நர்ஸ் படத்தைத் தொட்டாள். கைப்பேசியில் வீடியோ பார்க்கும்போது நடுவில் வரும் விளம்பரத்தில், மூலையில் 'தவிர்' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நீட்டினால் எப்படி? ரெங்கராஜ் அட்டையை நீட்டியது ஏறக்குறைய அப்படித்தான். மூன்றாவது கட்டத்தின் மேல்தான் அவர் கட்டைவிரல் இருந்தது. வேண்டுமென்று செய்ததல்ல. பிடிக்கிற இடம் அங்கேதான் அமைந்தது.

அழகுமலை வீட்டுக்குக் கடைசி நாள் போனார். அழகுமலை அவருடைய மச்சான். மனைவி பரிமளாவின் ஒரே அண்ணன். ஐம்பத்தெட்டு வயது. சம்சாரம் இறந்து நாலு வருஷம். மகன்கள் இருவரும் குவைத்தில். வயல் ஓரத்து வீட்டில் தனியாக இருந்தார். அன்றைக்கு வலது பாதத்தில் வேட்டிக் கிழிசல் சுற்றியிருந்தது.

"கால்ல என்ன மச்சான்?"

"கருவமுள்ளு. சரியாப் போயிரும். வாங்க மாப்ள, உக்காருங்க."

அட்டையை எடுக்கும் முன்பே அழகுமலை, "எனக்கு வேண்டாம் மாப்ள" என்று சொல்லிவிட்டார். ரெங்கராஜ் விடுவாரா? இரண்டாம் தடவை கேட்டார். மூன்றாம் தடவை கேட்டார். "மாப்ள சொன்னா சரி" என்று அழகுமலை ஆறு அட்டையிலும் அறந்தாங்கியைத் தொட்டார். ரெங்கராஜ் பதிந்துகொண்டு, கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தார்.

ஐந்து வாரம் கழித்துப் புதுக்கோட்டையிலிருந்து போன். நித்யா மேடம் நேரில் வரச் சொன்னார். ரெங்கராஜ் சட்டையைக் கொடுத்து இஸ்திரி போட்டு வாங்கினார். "நம்ம வேலைதான் முதல்ல முடிஞ்சிருக்கு. கூப்பிட்டு ஏதோ குடுப்பாங்க போல" என்று பரிமளாவிடம் சொன்னார். பரிமளா பக்கத்து வீட்டில் சொன்னாள். பஸ் வருவதற்குள் அது ஊர் முழுக்கக் கேடயம் ஆகிவிட்டது.

நித்யா மேடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஒரு வரைபடம். ஒவ்வொரு பகுதிக்கும், கட்டத்துக்கு ஒன்றாக மூன்று பட்டைகள். தாழைவயல் என்று எழுதிய இடத்தில் இரண்டுதான் இருந்தன.

"உங்க நாலு ஊர்லயும் மூணாவது கட்டத்தத் தொட்டவங்க எத்தன பேருன்னு தெரியுமா சார்?"

"ஒருத்தர்கூட இல்ல மேடம்" என்றார் ரெங்கராஜ். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

"மத்த இடத்துல பத்துக்கு மூணு பேர்."

"அங்கிட்டுப் போன ஆளுங்களுக்குக் கேக்கத் தெரியல மேடம். நான் வேணும்னா ஒரு நட போயிட்டு வாரேன்."

கணக்குப் பரீட்சையில் கடைசி பெஞ்சுக்காரன் நூற்றுக்கு நூறு வாங்கினால் வாத்தியார் கை கொடுக்க மாட்டார், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தான் என்றுதான் பார்ப்பார். அந்தப் பார்வையை அனுபவித்தவர்களுக்கு நித்யா மேடம் அப்போது பார்த்த பார்வை உடனே புரிந்திருக்கும். ரெங்கராஜ் நன்றாகப் படித்த ஆள். அவருக்குப் புரியவில்லை.

"என்கிட்ட கேளுங்க" என்றார் மேடம். "என்னய தாழைவயல்ல ஒரு ஆளுன்னு நெனச்சுக்குங்க."

ரெங்கராஜ் உற்சாகமாக அட்டையை எடுத்தார். மேடம் நிதானமாக, "எனக்கு வேண்டாங்க" என்றார்.

"அப்படிச் சொன்னா எப்படிங்கம்மா. சும்மா ஒண்ணத் தொடுங்க."

"இல்லிங்க, வேண்டாம்."

"படம்தானேம்மா. இவ்வளவு தூரம் வெயில்ல நடந்து வந்திருக்கேன். எனக்காக."

நித்யா மேடம் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே விரல் போய் இரண்டாவது கட்டத்தைத் தொட்டுவிட்டது. தொட்ட பிறகு தன் விரலைத் தானே பார்த்தார். சிரிப்பு நின்றது.

"நான் தொடவே கூடாதுன்னுதான் சார் உக்காந்தேன்."

ரெங்கராஜ் அட்டையைக் கீழே வைத்தார். கட்டைவிரல் எங்கே இருந்தது என்று அப்போதுதான் பார்த்தார்.

"நான் பொய் எழுதல மேடம். அவங்களாத்தான் தொட்டாங்க."

"பொய்னு நான் சொல்லலையே. பொய்யா இருந்தா அழிச்சிட்டுப் போயிரலாம்." மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் திரும்பி ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "உங்க ஊர் பதில எல்லாம் எடுத்துட்டு வேற ஆள விட்டு மறுபடி கேக்கணும். அதுகூடப் பரவால்ல. நர்ஸ் போயிருக்க வேண்டிய வீடுங்க இருக்குல்ல சார், அங்க அஞ்சு வாரமா யாரும் போகல. ரொம்ப முடியாம யாராவது இருந்தாங்களா? நெனச்சுப் பாருங்க."

யார் இலையில் எதை ஒதுக்குவார்கள் என்று இருபது வருஷத்துக்கு நினைவு வைத்திருக்கிற தலை அது. நினைத்துப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. முகங்கள் வரிசையாக வந்தன. முதலில் வேண்டாம் என்று சொன்ன முகம் நாற்பதுக்கு மேல் தேறியது. அத்தனையும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தன. வரிசையின் கடைசியில் முகத்துக்குப் பதிலாக வேட்டிக் கிழிசல் சுற்றிய ஒரு கால் வந்தது.

"ஒருத்தர் இருக்காரு மேடம்."

"யாரு?"

"என் சம்சாரத்தோட அண்ணன்."

"நாளைக்கே நர்ஸ அனுப்பட்டுமா?"

"மொதல்ல நான் போயிக் கேட்டுக்கிறேன் மேடம்."

"கேளுங்க" என்றார் நித்யா மேடம். "சம்மதிக்க வெச்சிராதீங்க."

வாழ்க்கையில் அவரிடம் இப்படி யாரும் சொன்னதில்லை. பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் எங்கே இறங்க வேண்டும் என்று சொன்னார். வீட்டில் பரிமளா, "என்ன குடுத்தாங்க?" என்றாள். "டீ குடுத்தாங்க" என்றார். அன்று சாயங்காலமே மச்சான் வீட்டுக்கு நடந்திருக்கலாம். பத்து நிமிஷ தூரம். போகவில்லை. கடையில் உட்கார்ந்து, கழுவி வைத்த கரண்டிகளை இன்னொரு தடவை கழுவினார். பயத்தில் அல்ல. அந்தக் காலைப் பார்த்துவிட்டால் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாதே என்றுதான். பின்னாட்களில் அவரை அதிகம் குத்தியது அந்த ஒரு சாயங்காலம்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனார். வாசலிலேயே ஊதுபத்தி வாசனை. ஒன்றல்ல, மூன்று ஊதுபத்தி, ஜன்னலில் ஒன்று, கட்டிலடியில் இரண்டு. அழகுமலை சாமி கும்பிடுகிற ஆளே இல்லை. ஊதுபத்திக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது.

"வாங்க மாப்ள" என்று எழப் பார்த்தார் அழகுமலை. எழ முடியவில்லை. எழாமல் இருந்ததற்கு வெட்கப்பட்டவர் போலத் துண்டால் காலை மூடினார்.

"கால எடுங்க மச்சான், பாக்கிறேன்."

"எதுக்கு? துபாய்ல டாக்டருக்குப் படிச்சீங்களா?"

ரெங்கராஜ் சிரிக்கவில்லை. அழகுமலையும் அதற்கு மேல் கேலி பண்ணவில்லை. துணியை ரெங்கராஜே பிரித்தார். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கறுத்திருந்தன. மேலே பாதம் வீங்கிப் பளபளத்தது.

"வலிக்குதா?"

"அதான் இல்ல. வலிச்சா நானே பயந்திருப்பேன்."

ரெங்கராஜ் துணியை மடித்துக் கீழே வைத்தார்.

"மச்சான், அன்னைக்கு நான் அட்டையோட வந்தப்ப மொதல்ல வேண்டாம்னீங்களே. அது ஏன்?"

"அதான் அப்புறம் தொட்டேன்ல. நீங்க சொன்னீங்கன்னு அறந்தாங்கியத் தொட்டேன்."

"தொட்டத விடுங்க. வேண்டாம்னு ஏன் சொன்னீங்க?"

அழகுமலை அவரை விநோதமாகப் பார்த்தார். ரெங்கராஜ் ஏன் என்று கேட்கிற ஆளா? வேண்டாம் என்றால் ரெங்கராஜுக்கு அடுத்த வார்த்தை எப்போதும் 'எனக்காக' என்பதுதான். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இந்தக் காலோட போனா படுக்கச் சொல்லுவாங்க. படுத்தா கூட ஒரு ஆளு இருக்கணும். மாத்திர வாங்கியார, பாத்ரூமுக்குக் கூட்டிப் போக, இல்லன்னா பெட்பேன் எடுத்து ஊத்த. பயலுக ரெண்டு பேரும் அங்கிட்டுக் கெடக்கானுக. லீவு குடுக்க மாட்டான். ஆம்பள வார்டுல பரிமளா எப்படித் தங்கும்? வேற யாரு இருக்கா?"

"நான் இல்லையா?"

"நீங்க மாப்ள" என்றார் அழகுமலை.

அதோடு முடித்துவிட்டார். விளக்கம் எதுவும் தேவையில்லை என்கிற மாதிரி. ரெங்கராஜுக்கும் தேவைப்படவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டுக்குப் போனால் அவருக்கென்று பாய் விரிப்பார்கள், அவர் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டு மாப்பிள்ளையிடம் போய், 'எனக்கு மலம் அள்ள வாங்க' என்று எந்த வாயால் கேட்பது? கேட்க முடியாது என்பதால்தான் வேண்டாம். அந்த ஆறு அட்டையில் பஸ் இருந்தது, டாக்டர் இருந்தார், காத்திருக்கிற நேரம் இருந்தது. கூட இருக்க ஆள் என்று ஒரு படம் எதிலும் இல்லை. அதைச் சொல்ல அவருக்கு இருந்தது அந்த மூன்றாவது கட்டம் ஒன்றுதான். அதன் மேல் மாப்பிள்ளையின் கட்டைவிரல் இருந்தது.

"நான் இருக்கேன் மச்சான். எத்தன நாளானாலும்."

"வேண்டாம் மாப்ள."

ரெங்கராஜின் வாயில், 'அப்படிச் சொன்னா எப்படி' என்பது பாதி வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினார். இந்த ஆளைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட அவரால் முடியும். மூன்று வார்த்தை போதும். அதற்கு அவர் கெட்டிக்காரர். விட்டுவிட்டுப் போகவும் முடியாது, அந்தக் கால் அப்படி இருக்கிறது. எதைச் செய்வது என்று நிஜமாகவே தெரியவில்லை. காதில் விழுந்த 'வேண்டாம்' என்பதை முதல் தடவையாக நின்று கேட்டார்.

"இது எந்த வேண்டாம் மச்சான்?"

"என்னது?"

"தெரியாமத்தான் கேக்குறேன். மரியாதைக்குச் சொல்றீங்களா, நெசமாவே சொல்றீங்களா? நெசமா இருந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இங்கயே நர்ஸ வரச் சொல்லி, கட்டு மட்டும் போடச் சொல்றேன்."

அழகுமலை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னல் ஊதுபத்தி அணைந்து சாம்பல் விழுந்தது.

"இன்னொரு தடவ கேளுங்க மாப்ள" என்றார், சுவரைப் பார்த்தே.

ரெங்கராஜ் இன்னொரு தடவை கேட்டார்.

அன்று மத்தியானமே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் இரண்டு விரலையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. கட்டுப் போட்ட டாக்டர் யாரையும் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை, எழுதிக்கொண்டேதான் சொன்னார். "ஒரு மாசம் முந்தி யாராவது பார்த்திருந்தா விரல எடுக்காமயே சமாளிச்சிருக்கலாம்." ரெங்கராஜ் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். யாராவது என்ற வார்த்தை அந்த வார்டு முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டு அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

பதினேழு நாள் கூட இருந்தார். பெட்பேன் எடுத்து ஊற்றினார், துணி அலசினார், கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்தார். பக்கத்துக் கட்டில் சவரியப்பன் மீமிசல்காரர், படகு வைத்திருப்பவர். அவர் முதல் நாள் கேட்டார், "கூடப் பொறந்தவருங்களா?" என்று. "மாப்ள" என்று அழகுமலை சொன்னதும் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "மாப்ளயா? மாப்ள வந்து இந்த வேல பாக்குதா? குடுத்து வெச்ச ஆளுய்யா நீ." அன்றிலிருந்து வார்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ரெங்கராஜைக் கைநீட்டிக் காட்டுவது சவரியப்பனுக்கு ஒரு வேலையாகிவிட்டது. கோயில் தேரைக் காட்டுகிற மாதிரி. பரிமளா மத்தியானச் சாப்பாடு கொண்டு வரும்போதெல்லாம் கண் கலங்கி, "எந்தப் புருஷன் செய்வாரு" என்பாள். திட்டு வாங்கினால் தலையைக் குனிந்துகொள்ளலாம். பாராட்டுக்கு எதைக் குனிவது என்று தெரியாமல் ரெங்கராஜ் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கக் கீழே இறங்கிவிடுவார். ஃபிளாஸ்க் நிறைந்தேதான் இருக்கும்.

ஒன்பதாம் நாள், சவரியப்பன் ஸ்கேனுக்குப் போயிருந்த நேரத்தில், சொல்லிவிட்டார். ஆப்பிள் ஒன்றை நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"மச்சான், அன்னைக்கு நீங்க வேண்டாம்னு சொன்னத அப்படியே நான் எழுதியிருந்தா ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்திருக்கும். ரெண்டு வாரத்துக்குள்ள. எனக்குத் தெரியும். பயிற்சியில சொன்னாங்க. நான்தான் எழுதல."

அழகுமலை கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். இன்னும் இரண்டு விரல் அங்கே இருப்பது போலக் குறுகுறுக்கிறது என்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

"வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

"வந்திருந்தாலும் நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார் அழகுமலை. சொல்லிவிட்டு ஆப்பிள் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சர்க்கரைக்காரர், ஒரு துண்டுக்கு மேல் கூடாது. "பரிமளாகிட்ட சொல்லாதீங்க. அது தாங்காது."

அது ரெங்கராஜைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு முழு ஊரைச் சம்மதிக்க வைத்தவரால் அந்தச் சமாதானத்துக்குச் சம்மதிக்க முடியவில்லை. மறுநாள் காலை போனில் பரிமளாவிடமும் சொல்லிவிட்டார். மத்தியானம் வந்தாள். கேரியரை அண்ணனிடம் கொடுத்தாள். ரெங்கராஜ் நின்ற பக்கம் திரும்பவில்லை. ஆனால் கேரியரில் இரண்டு பேருக்குச் சோறு இருந்தது. அவள் அவரிடம் மறுபடி பேச, அழகுமலை வீடு திரும்பியும் நாலு நாள் ஆனது. பேசியதும், "உப்பு எங்க வெச்சீங்க" என்று கேட்கத்தான்.

நித்யா மேடத்துக்கும் போன் செய்திருந்தார். கூட இருக்க ஆள் வேண்டும் என்கிற சங்கதியைச் சொன்னார். மேடம் எழுதிக்கொண்டார். "இது எங்க அட்டையில இல்ல சார். எங்க தப்புதான்" என்றார். தாழைவயலுக்குப் புதிதாக ஓர் ஆளை அனுப்புவதாகச் சொன்னார். அர்ச்சனா என்று ஒரு பெண், அறந்தாங்கிக்காரி, இங்கே யாரையும் தெரியாது. யாரையும் தெரியாதது இப்போது ஒரு தகுதி. ரெங்கராஜ் 'நான் கூடப் போகட்டுமா' என்று கேட்கவில்லை. மேடமும் கூப்பிடவில்லை.

அர்ச்சனா ஸ்கூட்டியில் வந்தாள். ஊரில் முதல் வீட்டிலேயே செவந்தி மூன்றாவது கட்டத்தைத் தொட்டாளாம். அதோடு விடாமல், "போன தடவ எங்க அண்ணன் மூஞ்சிக்காகத் தொட்டேன்" என்றும் சொன்னாளாம். இதை ரெங்கராஜிடம் வந்து சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அவர் கடையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கியதைப் பிரித்து மறுபடி அடுக்கினார்.

அழகுமலை வீட்டுக்கு அவள் வந்தபோது ரெங்கராஜ் அங்கேதான் இருந்தார். கட்டு மாற்ற சுடுதண்ணீர் வைத்திருந்தார். அந்தப் பெண் பையிலிருந்து அட்டைகளை எடுத்ததும் அடுப்பை அணைத்தார்.

"நான் செத்த நேரம் வெளிய நிக்கிறேன் மச்சான்."

"ஏன், இருங்க மாப்ள. நீங்க இருந்தா என்ன?"

"இல்ல, நிக்கிறேன்."

"வெயிலா இருக்கு, வேண்டாம்."

ரெங்கராஜ் கேட்கவில்லை. வெளியே போய், உள்ளே பேசுவது காதில் விழாத தூரம் வரை நடந்தார். நிழல் இருந்த இடத்தில் நின்றால் ஜன்னல் வழியாகக் கட்டில் தெரிந்தது. அதனால் வெயிலில் போய் நின்றார். கணபதி என்று ஒருவர், கம்மாய்க்குப் போகிறவர், சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன ரெங்கராஜு, மாமியா வீட்ட விட்டு வெரட்டிட்டாங்களா?"

"உள்ள அந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டு இருக்கு."

"கேட்டா கேக்கட்டும். உங்களுக்கென்ன?"

"நான் இருந்தா அவரு மாத்திச் சொல்லுவாரு" என்றார் ரெங்கராஜ்.

கணபதி இதில் கேலி இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆறு அட்டைக்கு அன்றைக்கு ரெங்கராஜ் எடுத்துக்கொண்ட நேரம் நாலு நிமிஷம். அர்ச்சனாவுக்கு அரை மணி ஆயிற்று. வெயிலில் ரெங்கராஜின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் வெளியே வந்து, "முடிஞ்சதுங்க" என்று ஸ்கூட்டியை எடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்து ஏதாவது கண்டுபிடிக்க முடியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே அழகுமலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரெங்கராஜ் தண்ணீரை மறுபடி சூடாக்கினார். பஞ்சு, கத்தரிக்கோல், புதுத் துணி, எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைத்து, காலருகில் குந்தினார்.

"எதத் தொட்டேன்னு கேக்கலையா மாப்ள?"

"இல்ல மச்சான்."

"கேட்டா சொல்லுவேன்."

"தெரியும்" என்றார் ரெங்கராஜ். "கால இப்பிடிக் கொஞ்சம் நீட்டுங்க."